கேசட்டா, இசைத்தட்டா: அப்பாவின் அலமாரியை என்ன செய்வது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா காலமான பிறகு வீட்டு அலமாரியில் ஏறத்தாழ இருநூறு கேசட்டும் நாற்பது இசைத்தட்டும் இருக்கின்றனவாம். பெரும்பாலும் தமிழ்ப் படப் பாட்டு, கொஞ்சம் நாதஸ்வரம், கொஞ்சம் பக்திப் பாட்டு. சில கேசட்டுகளின் மேல் அப்பாவின் கையெழுத்து. அப்பா வாங்கிய கேசட் டெக் இன்னும் ஓடுகிறது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல் இருக்கிறது. டர்ன்டேபிள் ஒன்றும் இருக்கிறது, அதன் ஊசி எந்தக் காலத்து என்று தெரியவில்லை. கையில் 1,500 ரிங்கிட். நண்பர்கள் "கேசட்டைத் தூக்கிப் போடு, சத்தம் என்றால் ரெக்கார்டுதான்" என்கிறார்கள். உண்மையில் எது நன்றாகக் கேட்கும், எதில் பணம் போடுவது என்பது கேள்வி.

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பதிவு, இரண்டும் நல்ல நிலையில், இரண்டுக்கும் ஒழுங்கான கருவி என்றால் இசைத்தட்டுதான் மேல். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த மூன்றும் ஒன்றாகக் கூடிவருவது நம் வீடுகளில் அபூர்வம். நீங்கள் இப்போது கேட்கும் போர்வைச் சத்தம் கேசட்டின் பிறவிக் குணம் அல்ல. பெரும்பாலும் அது டெக்கின் ஹெட், அதாவது நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் பாகம், கோணலாக நிற்பதால் வருவது. அதைச் சரிசெய்துவிட்டுக் கேட்டால், அந்த இருநூறில் ஒரு பகுதியாவது உங்கள் நாற்பது தட்டுகளில் பலவற்றைவிட நன்றாகப் பாடும். அதனால் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

நான் 1980களில் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு பாட்டுக் கடையின் பின்னறையில் பல ஆண்டுகள் பதிவு வேலை பார்த்தவன். ஒரு டர்ன்டேபிள், இரண்டு டெக், சுவர் முழுக்க இசைத்தட்டு. ஆட்கள் பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள், நாங்கள் தட்டிலிருந்து கேசட்டில் ஏற்றிக் கொடுப்போம். ஒரே பாட்டைத் தட்டிலும் கேசட்டிலும் அடுத்தடுத்துக் கேட்பதே அன்றாட வேலையாக இருந்தது. கீழே சொல்வதெல்லாம் அந்த அறையில் காதுக்குப் பழகியதும், பிறகு படித்துக் காரணம் புரிந்துகொண்டதும்.

முதலில் இடப் பிரச்சினை. கேசட்டை ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியபோது, அது முக்கியமாகப் பேச்சைப் பதியும் சாதனமாகத்தான் வந்தது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அதற்குள் இரண்டு பக்கம், பக்கத்துக்கு இடம் வலம் என்று மொத்தம் நான்கு தடங்கள். ஒரு தடத்துக்குக் கிடைப்பது சுமார் 0.6 மில்லிமீட்டர். ஓடும் வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். இதே நாடாத் தொழில்நுட்பம் பதிவுக்கூடத்தில் வினாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடியது. எட்டு மடங்கு. உங்கள் இசைத்தட்டுக்குள் இருக்கும் பாட்டும் ஒரு காலத்தில் அப்படி வேகமாக ஓடிய நாடாவில் இருந்ததுதான். "நாடா" என்றாலே தாழ்ந்த சத்தம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கேசட்டின் குறை நாடாவால் வந்ததல்ல, அதன் சிறுமையாலும் மெதுவாலும் வந்தது.

இசைத்தட்டுக்கு வாருங்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் அமெரிக்காவில் கொண்டுவந்த எல்பி என்னும் பெரிய தட்டு, நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் வினாடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர். சலங்கையின் மினுக்கமும் ஜால்ராவின் ஓரமும் இருக்கும் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியை, அதாவது வினாடிக்குப் பத்தாயிரம் முறை அதிரும் ஒலியை, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு அலை தட்டில் 51 மைக்ரான் நீளத்துக்கு விரிந்து உட்கார்ந்திருக்கிறது. கேசட்டில் அதே அலைக்கு ஐந்து மைக்ரான்கூட இல்லை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து மடங்கு நெருக்கடியில் அடைக்கப்பட்ட ஒலியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றால், எடுக்கும் கருவி அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும். கேசட்டின் எல்லாத் தொல்லையும் இங்கேதான் தொடங்குகிறது.

இனி ஹெட் கோணலுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கேசட்டைப் பற்றி நம் ஆட்கள் வைத்திருக்கும் கெட்ட எண்ணத்தில் பாதிக்கு மேல் இதனால் வந்தது. டெக்கின் ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய செங்குத்து இடைவெளி ஒன்று இருக்கிறது. நாடா அதைக் கடக்கும்போதுதான் ஒலி எடுக்கப்படுகிறது. பதியும்போது அந்த இடைவெளி எந்தக் கோணத்தில் நின்றதோ அதே கோணத்தில் திரும்பப் பாடும்போதும் நிற்க வேண்டும். இதைத்தான் அசிமத் என்பார்கள். ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்கு சாய்ந்தால் போதும், 0.6 மில்லிமீட்டர் தடத்தின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் மூன்றரை மைக்ரான் வித்தியாசம் வந்துவிடும். அலையே ஐந்து மைக்ரானுக்குள் என்னும்போது மேலும் கீழும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கின்றன. 10 கிலோஹெர்ட்ஸில் ஒலி அளவு ஏறக்குறைய 10 டெசிபெல் குறைந்துவிடுகிறது (டெசிபெல் என்பது ஒலி அளவின் அலகு). காதுக்கு அது எப்படி இருக்கும்? நீங்கள் எழுதிய அதே போர்வைதான்.

இந்தப் பிரச்சினை எவ்வளவு பெரிது என்றால், ஜப்பானின் நகமிச்சி நிறுவனம் 1982இல் கொண்டுவந்த டிராகன் என்ற டெக்கில் பாட்டு ஓடும்போதே ஹெட்டைத் தானாகச் சாய்த்துச் சரிபார்க்க ஒரு தனி மோட்டாரே வைத்தார்கள். விலையுயர்ந்த ஒரு கருவி முழுவதையும் இந்த ஒரு கோணத்தைச் சுற்றிக் கட்டினார்கள்.

சாதாரண டெக்கில் இதைக் கையால் செய்யலாம். ஹெட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்குரூ இருக்கும். அதில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருப்பது, பெரும்பாலும் தலையில் பெயிண்ட் பொட்டு வைத்திருப்பது, அதுதான் அசிமத் ஸ்குரூ. ஆம்ப்பில், அதாவது ஒலியைப் பெருக்கும் பெட்டியில், இடத்தையும் வலத்தையும் ஒன்றாக்கும் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிட்டு, சலங்கையோ ஜால்ராவோ நிறைய வரும் பாட்டை ஓடவிட்டு, ஸ்குரூவை மிக மெதுவாகத் திருப்பினால் ஒரு இடத்தில் சட்டென்று திரை விலகியது மாதிரி டிரெபிள், அதாவது மேல் ஒலி, திறக்கும். அதைத் தாண்டித் திருப்பினால் மறுபடியும் மூடிக்கொள்ளும். திறந்த இடத்தில் நிறுத்துங்கள். மோனோவில் கேட்கச் சொல்வதற்குக் காரணம், இடமும் வலமும் ஒன்று சேரும்போது கோணல் இன்னும் கூர்மையாகக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் தம்பி, இன்றைக்கே ஸ்குரூவில் கை வைத்துவிடாதீர்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

சரி, இசைத்தட்டு மட்டும் குறையே இல்லாததா? இல்லை. அதன் பெரிய குறையை விற்பவர்கள் சொல்வதில்லை. வெளி விளிம்பில் 51 சென்டிமீட்டர் என்று சொன்னேன் அல்லவா, தட்டின் சுற்று வேகம் மாறாததால் ஊசி உள்ளே போகப் போகப் பள்ளத்தின் வேகம் குறைந்துகொண்டே வரும். கடைசிப் பாட்டில் அது வினாடிக்கு சுமார் 21 சென்டிமீட்டர். முதல் பாட்டுக்குக் கிடைத்த இடத்தில் பாதிகூடக் கடைசிப் பாட்டுக்கு இல்லை. நம் பாட்டில் இது எங்கே அடிபடும் என்றால் குரலில். "ச", "ஸ" வரும் இடத்தில் எல்லாம் சீறல் கலந்த கரகரப்பு வரும். ஊசி தேய்ந்திருந்தால் தாங்க முடியாது. பெண் குரல் உச்சத்தில் நிற்கும்போது இன்னும் மோசம். கேசட்டில் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ஒரே வேகம்தான், இந்தச் சீறல் வராது. ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டை மட்டும் தேய்ந்த தட்டிலிருந்து கேட்டுவிட்டு, அதையே நல்ல கேசட்டில் கேட்டால் எனக்குக் கேசட்டே போதும் என்று தோன்றிய நாட்கள் உண்டு.

உங்கள் நாற்பதில் சிறிய தட்டுகள் இருந்தால், அதாவது நிமிடத்துக்கு 45 முறை சுற்றும், நான்கு பாட்டு வரும் இபி, அவற்றை மதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சுற்று வேகம் அதிகம் என்பதால் சின்னத் தட்டாக இருந்தும் வெளி விளிம்பில் வினாடிக்கு 40 சென்டிமீட்டர் அளவு வருகிறது, உள்ளே போனாலும் 25க்குக் கீழ் அதிகம் இறங்குவதில்லை. பழைய படப் பாட்டுக்கு என் காதில் எல்பியைவிட இபி பல சமயம் துடிப்பாகக் கேட்டிருக்கிறது. ஆனால் வீட்டில் குழந்தைகள் போட்டுக் கீறியதும் இந்த இபிகள்தான். வாங்கும்போது வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, நடுத் துளை. துளை மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் போதும். தட்டின் நடுவாக்கில், மையத்திலிருந்து பத்து சென்டிமீட்டரில், சுருதி அரை சதவீதம் ஏறி இறங்கும், 1.8 வினாடிக்கு ஒரு முறை. தாளப் பாட்டில் கவனிக்க மாட்டீர்கள். நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையிலும் பின்னால் ஒலிக்கும் சுருதிப் பெட்டியிலும் வயிற்றைப் பிசையும். கேசட்டின் சுருதி ஆட்டம் வேறு மாதிரி. பழைய பெல்ட்டும் இறுகிப்போன ரப்பர் உருளையும் சேர்ந்து வேகமான நடுக்கத்தைக் கொடுக்கும். புல்லாங்குழல் நடுங்குவது போலவும் பியானோ தண்ணீருக்குள் இருப்பது போலவும் தோன்றும். நல்ல டெக்கில் இது 0.1 சதவீதத்துக்குள் அடங்கும். கேசட் வைத்த மலிவு ரேடியோ பெட்டியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். நம்மில் பலர் கேசட் கேட்டதே அந்தப் பெட்டியில்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இரைச்சலைப் பற்றி நீளமாகப் பேச மாட்டேன். கேசட்டில் "ஸ்ஸ்" என்று ஒரே சீராக வரும், சிறிது நேரத்தில் காது அதை ஒதுக்கிவிடும். தட்டில் அடித்தளம் அமைதி, ஆனால் நடுவில் படீரென்று பொரியும். எது தொந்தரவு என்பது ஆளைப் பொறுத்தது. எனக்குப் பொரிவதுதான் தொந்தரவு, அதிலும் ஆலாபனை மெல்லப் பிறக்கும் இடத்தில். உங்கள் தட்டுகள் 1970களில் வந்த படப் பாட்டு என்றால் பெரும்பாலும் மோனோ. அவற்றைப் போடும்போதும் ஆம்ப்பில் மோனோ பொத்தானை அழுத்துங்கள். மோனோத் தட்டில் பாட்டு முழுவதும் பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. மேலும் கீழும் வரும் அசைவில் தூசியும் கீறலும் மட்டுமே. மோனோவில் அது அடித்துப்போகும், பொரிவது கணிசமாகக் குறையும். காசு செலவில்லாத மருந்து.

டெக்கில் இரைச்சலைக் குறைக்க வைத்திருக்கும் டால்பி பொத்தான் பற்றி ஒரு வார்த்தை. கேசட் உறையில் டால்பி குறி இருந்தால் மட்டும் போடுங்கள். டால்பி பி முறையில் பதிந்தால் மேல் ஒலியில் சுமார் 10 டெசிபெல் இரைச்சல் குறையும், நல்ல விஷயம்தான். ஆனால் டால்பி இல்லாமல் பதிந்த கேசட்டுக்கு அதைப் போட்டால் இரைச்சலோடு பாட்டின் மினுக்கமும் போய்விடும். உங்கள் டெக்கில் அந்தப் பொத்தான் பல வருடமாக அழுந்தியே இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இப்படி இருந்த டெக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நம் ஊர் விஷயம். இந்த ஒப்பீட்டை வெளிநாட்டு ஆட்கள் எழுதும்போது கேசட் என்றால் கம்பெனி போட்ட கேசட் என்று வைத்துக்கொள்கிறார்கள். நம் அலமாரிகளில் அப்படியா இருக்கிறது? மூன்று வகை இருக்கும். சென்னையிலிருந்து வந்த அசல் கேசட், இங்கேயே யாரோ நகலெடுத்து விற்ற கேசட், பிறகு எங்களைப் போன்ற கடைகளில் ஆள் கேட்ட பாட்டை ஏற்றிக் கொடுத்த கேசட். மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987இல் வந்து இறுகும்வரை இரண்டாவதும் மூன்றாவதும் எல்லாக் கடையிலும் சகஜம்.

நகல் கேசட்டுகளை ஒன்றொன்றாக ஓடவிட்டுப் பதிவதில்லை. மூலத்தையும் நகலையும் பல மடங்கு வேகத்தில் ஓட்டி ஏற்றுவார்கள். பாட்டின் 10 கிலோஹெர்ட்ஸ், எட்டு மடங்கு வேகத்தில் 80 கிலோஹெர்ட்ஸாகிவிடும். அதை ஒழுங்காகப் பதிய நல்ல இயந்திரமும் தினப் பராமரிப்பும் வேண்டும். அந்தப் பராமரிப்பு இல்லாத இடத்தில் வந்ததுதான் மந்தமான கேசட். அதற்கு மேல் மலிவு நாடா. இந்த வகைக்கு எந்த டெக்கும் உயிர் கொடுக்காது. அவற்றில் உள்ள பாட்டு உங்களுக்குத் தட்டிலோ வேறு வழியிலோ கிடைத்தால் நேரத்தை அதில் செலவழிக்க வேண்டாம்.

எங்கள் கேசட்டுகளில் வேறொரு கோளாறு இருந்தது. பஸ், லாரி ஓட்டுபவர்கள் "நல்லா சத்தமா ஏத்துங்க" என்பார்கள். இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமே. நாங்களும் டெக்கின் ஒலி அளவு காட்டும் முள் சிவப்புக்குள் போகும்வரை ஏற்றுவோம். நாடாவுக்கு ஒரு கொள்ளளவு இருக்கிறது. அதற்கு மேல் திணித்தால் முதலில் இழப்பது மேல் ஒலியை. பேஸ் தடித்து, குரல் முன்னால் வந்து, சலங்கை மங்கி, மொத்தமும் உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் இப்போது பலர் கேசட்டின் இளஞ்சூடு என்று விரும்பிக் கேட்கிறார்கள். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன், குரலுக்கு அது பொருந்தும் இடங்கள் உண்டு. ஆனால் அது பதிந்தவன் கை செய்த வேலை. அதே டெக்கில், அதே தட்டிலிருந்து, குரோம் என்னும் உயர்ரக நாடாவில், அளவோடு பதிந்தால் நிலைமையே வேறு. குரோம் நாடாவில் இரைச்சலும் சுமார் 4 டெசிபெல் குறைவு. வீட்டில் வைத்துக் கேட்கும் சில வாத்தியார்கள், ஒரு நாதஸ்வர ரசிகர், இவர்களுக்கு அப்படித்தான் பதிந்து கொடுப்போம். அந்தக் கேசட்டையும் தட்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்து மாற்றி மாற்றிப் போட்டால், மெதுவான மெல்லிசைப் பாட்டில் கடைக்கு வந்தவர்கள் எது எது என்று தடுமாறுவார்கள். ஒரே அளவு சத்தம் என்பது முக்கியம். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பது எதுவோ அதுதான் நல்லது என்று காது உடனே தீர்ப்புச் சொல்லிவிடும்.

எங்கே தடுமாற மாட்டார்கள்? தவிலில். அதன் ஒரு பக்கமான தொப்பியில் குச்சி விழும் அந்த முதல் நொடி, மறுபக்கமான வலந்தலையில் விரல் கூடுகள் அடிக்கும் "டக்". இது தட்டில் தோலோடு வரும். கேசட்டில் அடி வரும், ஆனால் அதன் கூர்முனை மழுங்கியிருக்கும். நாதஸ்வரமும் அப்படித்தான். அந்தக் கருவியின் உயிரே மேலே மேலே அடுக்கிக்கொண்டு போகும் கூரிய உபசுரங்கள். நாடாவில் உரக்கப் பதிந்தால் அவைதான் முதலில் சுருங்கும். பிறகு கேட்டால் நாதஸ்வரம் கிளாரினெட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எங்கள் கடைக்கு வந்த அந்த ரசிகர் இதைக் காதால் கண்டுபிடித்துச் சொன்னார். "வாத்தியம் கோயிலுக்குள்ள போயிடுச்சு தம்பி, வெளிப் பிரகாரத்துல நிக்கணும்" என்றார். அன்றிலிருந்து நாதஸ்வரத்தை நான் எப்போதும் அளவைக் குறைத்தே பதிந்தேன். உங்கள் அலமாரியில் நாதஸ்வரம் தட்டாக இருந்தால் அதைத் தட்டிலேயே கேளுங்கள், அதில் சமரசம் வேண்டாம். தனிக் குரல், வீணை, வயலினை முன்னிறுத்திய மெல்லிசை, இவற்றுக்கு நல்ல கேசட் போதும்.

அடுத்தது பினாங்கின் காற்று. ஈரப்பதம் எண்பது சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர் இது. ஒலியைப் பற்றி நாம் எவ்வளவு பேசினாலும் கடைசியில் பூஞ்சைதான் தீர்மானிக்கிறது. இங்கே தட்டுக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு: வினைல் தட்டைக் கழுவலாம். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, மறுபடி வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் நிறுத்தி உலர வையுங்கள். நடுவிலுள்ள லேபிளில் தண்ணீர் படக் கூடாது. தாத்தா காலத்து 78 வேக அரக்குத் தட்டு ஏதாவது இருந்தால் அதில் ஆல்கஹால் மட்டும் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். கேசட்டைக் கழுவ முடியாது. அதன் சின்ன ஜன்னல் வழியே பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதை ஓடவிடாதீர்கள். ஓடவிட்டால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த கேசட்டுக்கும் போகும். அவற்றைத் தனியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒதுக்கிவையுங்கள்.

நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு ஒன்று கேசட்டுக்குள் இருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தாலும் சத்தம் மங்கி விட்டு விட்டு வரும். ஸ்குரூ போட்ட கேசட் என்றால் பயப்படாமல் திறந்து, வேறு வெற்றுக் கேசட்டின் கூட்டுக்குள் சுருளை மாற்றிவிடலாம். 120 நிமிடம் ஓடும் சி-120 நாடாவை மட்டும் மிகக் கவனமாகக் கையாளுங்கள். அதன் தடிமன் 9 மைக்ரான் அளவுதான், சி-60இல் பாதி. சுற்றிக்கொண்டு அறுந்துவிடும்.

பணத்துக்கு வருவோம். புது டெக் வாங்காதீர்கள். இன்று புதிதாக வருபவற்றில் பெரும்பாலானவை ஒரே மலிவு மெக்கானிசத்தின் நகல்கள், சுருதி ஆட்டம் அதிகம். அப்பாவின் டெக் 1980களிலோ 90களிலோ வந்த ஜப்பான் டெக் என்றால் அதைவிட எவ்வளவோ மேல். பெல்ட்டும் ரப்பர் உருளையும் மாற்றி, ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அதில் ஏறியிருக்கும் காந்தத்தையும் நீக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். 1,500இல் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். பெல்ட் சில டெக்குகளில் தார் மாதிரி உருகியிருக்கும், அதைத் தொட்டுவிட்டால் கையிலிருந்து போகாது, தெரிந்த ஆளிடம் கொடுப்பதே நல்லது.

அடுத்தது டர்ன்டேபிளின் ஊசி. எந்தக் காலத்து ஊசி என்று தெரியாதவரை ஒரு தட்டைக்கூட அதில் போடாதீர்கள். வைர ஊசியின் ஆயுள் சுமார் 500 முதல் 1,000 மணி நேரம். தேய்ந்த ஊசி பள்ளத்தைச் செதுக்கிவிடும், அதைத் திருப்பி எடுக்க முடியாது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கில் ஊசியையோ, முடிந்தால் நீள்வட்ட ஊசியும் அதைத் தாங்கும் பாகமும் சேர்ந்த கார்ட்ரிட்ஜையோ மாற்றுங்கள். உள் பள்ளத்துச் சீறலுக்கு அதுவே பாதி மருந்து. ஊசியின் அழுத்தத்தையும் சின்னத் தராசு வைத்து அந்தக் கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன அளவில் வையுங்கள், பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு கிராம். ஆம்ப்பில் ஃபோனோ என்று எழுதிய இடத்தில்தான் இணைக்க வேண்டும். கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், அதுவும் பேஸைக் குறைத்து டிரெபிளைக் கூட்டி வெட்டிய ஒலி. அதை நேராக்கும் வேலை ஃபோனோ இணைப்புக்குள் நடக்கிறது. வேறு துளையில் செருகினால் தகரத்தில் பாடுவதுபோல் இருக்கும்.

மீதி மூன்றில் ஒரு பங்கில் கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும், உள்ளே ஈரத்தைக் குறைத்து வைக்கும் ட்ரை கேபினெட் சின்னதாக ஒன்று வாங்கி, முக்கியமான கேசட்டுகளை ஐம்பது சதவீத ஈரப்பதத்துக்குள் வையுங்கள். பினாங்கின் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையிலோ, கோலாலம்பூர் பக்கம் போனால் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலிலோ பழைய ஜப்பான் டெக்கும் டர்ன்டேபிளும் கண்ணில் படும். பின்பக்கம் 100 வோல்ட் என்று எழுதியிருந்தால் நம் வீட்டு மின்சாரத்தில் நேரே செருகாதீர்கள், உடனே கருகிவிடும். மின்மாற்றி வேண்டும். சில டர்ன்டேபிள்களின் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துச் சுற்றும். ஜப்பானின் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. அப்படிப்பட்டதில் பாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், உள்ளே இருக்கும் கப்பியை மாற்ற வேண்டியிருக்கும்.

இப்போது அந்த ஸ்குரூ விஷயம். அப்பாவின் கையெழுத்து உள்ள கேசட்டுகள் கடையில் பதிந்தவையா, வீட்டில் அவரே பதிந்தவையா? வீட்டில் அதே டெக்கில் பதிந்தவை என்றால், அந்த டெக்கின் ஹெட் இன்று நிற்கும் கோணல்தான் அந்தக் கேசட்டுகளுக்குச் சரியான கோணமாக இருக்கலாம். கடைக் கேசட்டுக்காக நீங்கள் ஸ்குரூவைத் திருப்பினால் இவை மூடிக்கொள்ளும். அதனால் முதலில் ஹெட்டைத் துடைத்துவிட்டு, டால்பி பொத்தானைப் பார்த்துவிட்டு, கையெழுத்துக் கேசட் ஒன்றையும் கடைக் கேசட் ஒன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேளுங்கள். கடைக் கேசட் மட்டும் மந்தமாக இருந்து, அப்பா பதிந்தது தெளிவாக இருந்தால், ஸ்குரூவை அப்படியே விட்டுவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் டெக்கைக் கொடுப்பதற்கும் முன்னால், கையெழுத்துக் கேசட்டுகள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளுங்கள். பெல்ட் நழுவிப் பாட்டு இழுத்தால் மட்டும் அதை முதலில் மாற்றச் சொல்லுங்கள், ஹெட்டைத் தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள்.

எதையும் டெக்கில் போடுவதற்கு முன்பு, அந்தக் கேசட்டுகளின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை தவறி ஒரு சிவப்புப் பொத்தான் அழுந்தினாலும் பதிந்தது அழிந்துபோகும். பாட்டுக்கு நடுவே அப்பா ஏதாவது பேசிப் பதிந்திருக்கலாம். அந்தக் காலத்தில் பலர் அப்படிச் செய்தார்கள், பாட்டு முடிந்ததும் தேதியையும் ஊரையும் சொல்லிவைப்பார்கள். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் பாட்டு நின்ற பிறகும் நாடா முடியும்வரை ஓடவிட்டு ஏற்றுங்கள்.